மின் பகிர்மான டிசைன் குழுவில் கோளாறா? அறிகுறியிலிருந்து மூலம் வரை

33/11 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன், 11 அல்லது 22 கிலோவோல்ட் பீடர் (சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் கோடு), டிரான்ஸ்பார்மர் ஸ்ட்ரக்சர், ஆர்.எம்.யூ. (கேபிள் வளையத்தில் நிற்கும் ஸ்விட்ச் பெட்டி), கேபிள் என்று உயரழுத்தப் பகிர்மான வேலைகளை வரைந்து, கணக்குப் போட்டு, எஸ்டிமேட்டோடு கொடுக்கும் குழுவை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழுவில் ஐந்து பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றுதான். நான் சொல்லும் எண்களும் பழக்கங்களும் தமிழ்நாட்டு வேலைகளைச் சேர்ந்தவை.

பீடர் ட்ரிப் ஆகி, திரும்பப் போட்டாலும் நிற்கவில்லை என்றால் லைன்மேன் முதல் கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை நடந்து தேடுவதில்லை. நடுவில் உள்ள ஏ.பி. ஸ்விட்சை (கம்பத்தின் மேல் கோட்டைப் பிரிக்கும் ஸ்விட்ச்) திறந்து, பழுது எந்தப் பாதியில் என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பிரிக்கிறார். குழுவின் கோளாறையும் அப்படித்தான் தேட வேண்டும். ஒரு தப்பான எண் வரைபடத்துக்குள் நுழைய வழிகள் குறைவு: தளத்திலிருந்து வந்த தகவல், மின்வாரியம் கொடுத்த அடிப்படைத் தரவு, பழைய வேலையிலிருந்து எடுத்த நகல், ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றிய இடம், படத்தின் ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) மாறிய இடம். “யார் செய்தது?” என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். “எந்த வழியாக நுழைந்தது?” என்று கேட்டால்தான் அடுத்த வேலையில் அதே பிழை வராமல் தடுக்க முடியும். கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.

அறிகுறி: “வரைபடத்தில் கம்பம் இருக்கு, சைட்டில் இடம் இல்லை”

முதலில் சர்வே தேதியைப் பாருங்கள். அடுத்து, தடத்தை நடந்து பார்த்தவர் யார் என்று கேளுங்கள். சர்வேயர் ஒருவர் போய்வர, டிசைனர் வேறொருவர் அலுவலகத்தில் இருந்தபடி செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு போட்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் மரத்தின் தலை தெரியும். அதன் கீழே இருக்கும் வாய்க்காலும் சுற்றுச்சுவரும் தெரியாது. மொட்டைமாடி தெரியும், வீட்டுக்காரர் அதற்கு மேல் இன்னொரு மாடி எழுப்பத் தூண் கம்பி விட்டிருப்பது தெரியாது. பாதுகாப்பு விதிகளின்படி, 33 கிலோவோல்ட் வரையிலான உயரழுத்தக் கோட்டுக்கும் கட்டடத்தின் மேல்தளத்துக்கும் இடையே செங்குத்தாக 3.7 மீட்டர் வேண்டும். இன்று 4 மீட்டர் இருக்கிறது என்று வரைந்தால், அந்தத் தூண் கம்பி கட்டடமாகும் நாளில் கோடு விதிமீறலாகிவிடும்.

சரிசெய்யும் வழி ஒன்றுதான்: கோட்டைப் போடுகிறவர் ஒரு முறையாவது தடத்தை நடக்க வேண்டும். தனியாகப் போனால் பாதிப் பயன்தான். அந்தப் பிரிவின் ஏ.இ.யையும் (உதவிப் பொறியாளர்) லைனைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேனையும் கூட்டிக்கொண்டு நடக்கட்டும். எந்த வயலில் ஸ்டே கம்பி போட விடமாட்டார்கள், எந்தக் கம்பத்தடியில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்தச் சந்தில் லாரி திரும்பாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கோடு திரும்பும் ஒவ்வொரு ஆங்கிள் பாயிண்டிலும் நாலு திசைக்கும் புகைப்படம், ஜி.பி.எஸ். புள்ளி, ஒரு வரிக் குறிப்பு. இது இல்லாத சர்வேயைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் டிசைனருக்கு இருக்க வேண்டும். அந்த அதிகாரத்தைத் தலைவர் வாயால் சொன்னால் போதாது, முதல் தடவை அவர் திருப்பி அனுப்பும்போது பின்னால் நிற்க வேண்டும்.

சென்னை மாதிரி ஊரில் கேபிள் வேலை என்றால் தரைக்குக் கீழேயும் நடந்து பார்த்தாக வேண்டும், அதாவது சோதனைக் குழி. குடிநீர்க் குழாய், கழிவுநீர், தொலைபேசிக் கேபிள், பழைய மின்கேபிள் எல்லாம் ஒரே நடைபாதைக்குக் கீழே நெருக்கியடித்துக் கிடக்கும். குழி தோண்டாமல் போட்ட குறுக்குவெட்டுப் படம் வெறும் ஊகம். காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையின்போது மாநகராட்சி சாலைவெட்டுக்குத் தடை போடுவது வழக்கம். செப்டம்பர் கடைசியில் டிசைனை முடித்துக் கொடுத்தால் தளத்தில் வேலை தொடங்கத் தை பிறந்துவிடும். இதைப் பணி அட்டவணையில் எழுதி வைக்காமல் பிறகு “டிசைன் தாமதம்” என்று பழி சுமக்கும் குழுக்கள் நிறைய.

அறிகுறி: “எத்தனை தடவை சொன்னாலும் அதே தப்பு திரும்ப வருது”

இது அதிகம் தென்படும் அறிகுறி. பெரும்பாலான தலைவர்கள் தவறாக மருந்து கொடுப்பதும் இதற்குத்தான். கூட்டம் போட்டு “கவனமா இருங்க” என்கிறார்கள், இன்னொரு செக்லிஸ்ட் சேர்க்கிறார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு பழையபடி.

இந்த அறிகுறியைக் கண்டால் திருத்தக் குறிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் குவித்து, ஆளை மறந்துவிட்டு வகையாகப் பிரியுங்கள். பெரும்பகுதி ஒரே வழியாக நுழைந்திருப்பதைப் பார்ப்பீர்கள்: பழைய வேலையின் கோப்பைத் திறந்து, பெயரை மாற்றிச் சேமித்து, அதன் மேலேயே புதிய வேலையைச் செய்வது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. சென்னையில் பகிர்மானம் 11 கிலோவோல்ட். கோவை, மதுரை பக்கம் 22 கிலோவோல்ட். சென்னை வேலையின் கோப்பை எடுத்துக் கோவை வேலைக்குப் பயன்படுத்துகிறவர் எக்செல்லில் மின்னழுத்தக் கட்டத்தை 22 என்று மாற்றுகிறார். மின்னழுத்த இறக்கம் சரியாக வந்துவிடுகிறது. சரிபார்ப்பவரும் அதைப் பார்த்து டிக் போடுகிறார். ஆனால் ஸ்ட்ரக்சர் படத்தில் கட்டடத்துக்குப் பக்கவாட்டு இடைவெளி 1.2 மீட்டர் என்றே கிடக்கிறது. அது 11 கிலோவோல்ட் வரைக்கும்தான். அதற்கு மேல் 33 வரை 2 மீட்டர். தெருவைத் தவிர்த்த இடங்களில் தரை இடைவெளி 4.6 மீட்டர் என்று நிற்கிறது, வேண்டியது 5.2. பொருள் பட்டியலில் மின்னல் தாங்கி 9 கிலோவோல்ட் என்று இருக்கிறது. 22 கிலோவோல்ட் முறையில் ஒரு ஃபேஸுக்கும் பூமிக்கும் இடையே எப்போதும் 12.7 கிலோவோல்ட் நிற்கும். அந்தத் தாங்கி மின்னலுக்காகக் காத்திருக்காது, சார்ஜ் செய்த (மின்சாரம் கொடுத்த) உடனே போய்விடும், பக்கத்தில் ஆள் நின்றால் அவருக்கும் ஆபத்து. அங்கே 18 கிலோவோல்ட் தாங்கி வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். கோவையில் செய்த கணக்குத்தாளில் யாரோ மின்னழுத்தத்தைத் தனிக் கட்டத்தில் வைக்காமல் சூத்திரத்துக்குள்ளேயே 22 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். அதே தாள் சென்னைப் புறநகர் வேலைக்கு வருகிறது. ‘டாக்’ என்ற வகைக் கண்டக்டர் (கோட்டின் கம்பி), 10 கிலோமீட்டர், கடைசியில் 2 மெகாவாட், திறன்காரணி 0.9. 11 கிலோவோல்ட்டில் உண்மையான இறக்கம் சுமார் 8 சதவீதம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் வகுப்பதால் அந்தத் தாள் காட்டுவது அதில் நான்கில் ஒரு பங்கு, 2 சதவீதம். உயரழுத்தத்துக்கு அனுமதிக்கப்படும் இறக்கம் 9 சதவீதம். விளிம்பில் நிற்கும் பீடரை, “இன்னும் நாலு டிரான்ஸ்பார்மர் தாங்கும்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். மே மாதத்தில் கடைசி கிராமத்தில் மோட்டார் எடுக்காது.

காற்றும் அப்படித்தான். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. உள்நாட்டு ஸ்பானை (இரண்டு கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம்) கடலோரத்துக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு கட்டத்தின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

சரிசெய்ய மூன்று காரியம். ஒன்று, ஒவ்வொரு வேலைக்கும் ஒரே பக்கத்தில் அடிப்படைத் தாள்: மின்னழுத்தம், பழுது மின்னோட்டம் (ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டம்), கண்டக்டர் அல்லது கேபிள், காற்று வேகம், மண் தடைத்திறன், இடைவெளிகள், தாங்கியின் ரேட்டிங், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து, என்று வந்தது. கோடு போடத் தொடங்கும் முன் இதில் இரண்டு கையெழுத்து. இரண்டு, டெம்ப்ளேட்டில் இந்தக் கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். பழைய எண் தெரிந்தால் கை அதை விட்டுவிடும்; காலியாக இருந்தால் நிரப்பித்தான் ஆக வேண்டும். முடிந்த வேலையின் கோப்பை நகலெடுப்பதைத் தடை செய்யுங்கள், காலி டெம்ப்ளேட்டிலிருந்து மட்டுமே தொடங்கட்டும். மூன்று, சரிபார்ப்பவர் டிசைனரின் தாளைப் பார்த்து டிக் போடாமல், முக்கியமான இரண்டு மூன்று எண்களைத் தன் கையால், வேறு வழியில், தோராயமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 8 சதவீதம் பேப்பரில் இரண்டு வரிக் கணக்கு. அதைப் போட்டவருக்கு 2 என்ற விடை கண்ணில் குத்தும்.

செக்லிஸ்ட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாற்பது வரி செக்லிஸ்டை யாரும் படிப்பதில்லை. உங்கள் குழுவின் திருத்தக் குறிப்பிலிருந்து, கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் வந்த பிழைகளை மட்டும் எடுத்து எட்டு வரியில் போடுங்கள். வராமல் நின்ற பிழையை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள்.

அறிகுறி: “எல்லாம் முடிஞ்சது, கையெழுத்துக்குத்தான் காத்திருக்கு”

வேலை உள்ளே வந்த தேதி, டிசைனர் முடித்த தேதி, சரிபார்ப்பு தொடங்கிய தேதி, வெளியே போன தேதி என்று நாலு கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். காத்திருப்பு எங்கே என்பது அதிலேயே தெரியும். பெரும்பாலும் ஒரே ஒரு மூத்தவரின் மேசையில்தான் இருக்கும். நாலு பேர் வாரத்துக்கு இரண்டு வேலை வீதம் எட்டு முடிக்க, அவரால் ஒழுங்காக ஐந்துதான் பார்க்க முடியும் என்றால் வாரத்துக்கு மூன்று தேங்கும். இன்னும் இரண்டு டிசைனர் எடுத்தால் தேக்கம்தான் கூடும். இதைக் கவனிக்காமல் ஆள் எடுப்பது அடிக்கடி நடக்கிறது.

வேலையை ஆபத்தை வைத்துத் தரம் பிரியுங்கள். அங்கீகரித்த மாதிரிப் படத்தின்படி 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஸ்ட்ரக்சர் ஒன்று, சாலையோரம், சாதாரண இடம் என்றால் இணையான அனுபவமுள்ள இன்னொரு டிசைனர் பார்த்தால் போதும். புதிய 33 கிலோவோல்ட் பீடர், நெடுஞ்சாலைக் குறுக்கீடு, இரட்டைச் சுற்று (ஒரே கம்பங்களில் இரண்டு கோடு) என்றால் மூத்தவர். சப்ஸ்டேஷன் லேஅவுட், எர்த்திங், பாதுகாப்பு ரிலே (பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) என்றால் மூத்தவரோடு அந்தத் துறை அறிந்த இன்னொருவரும். யார் எதில் கையெழுத்துப் போடலாம் என்று பெயர் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அந்தப் பட்டியலில் கீழே இருக்கிறவர்கள் மேலே ஏற என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதியிருக்கட்டும்.

மூத்தவர் இதை எளிதில் விடமாட்டார். அவர் கண்ணில் படாமல் ஒன்று வெளியே போய் விபத்தாகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் கீழ்த்தர வேலைகளில் பத்தில் ஒன்றை அவர் தன் விருப்பப்படி எடுத்து முழுதாகப் பார்க்கட்டும். நம்பிக்கை அதில்தான் வளரும்.

அறிகுறி: “கணக்கு சரி, சார்ஜ் பண்ணின பிறகு ரிலே தப்பா வேலை செய்யுது”

கணக்கை மறுபடி போடுவதற்கு முன், கணக்கில் நுழைந்த எண்ணின் தேதியைக் கேளுங்கள். பழுது மின்னோட்டம் என்பது சப்ஸ்டேஷனோடு பிறந்த நிலையான எண் கிடையாது. 110/11 கிலோவோல்ட் சப்ஸ்டேஷனில் 16 எம்.வி.ஏ., 10 சதவீத இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) உள்ள ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தால், மேல்நிலை வலையமைப்பின் இம்பீடன்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால், 11 கிலோவோல்ட் பஸ்ஸில் (பீடர்கள் பிரியும் பொதுக் கடத்தி) சுமார் 8.4 கிலோஆம்பியர். இரண்டாவது டிரான்ஸ்பார்மர் வந்து இரண்டையும் இணையாக ஓட்டினால் 16.8. ஒரு விநாடிக்கு 120 சதுர மில்லிமீட்டர் அலுமினிய எக்ஸ்.எல்.பி.இ. (பிளாஸ்டிக் காப்பு) கேபிள் தாங்குவது சுமார் 11.3 கிலோஆம்பியர். முதல் நிலைக்குத் தாராளமாகப் பொருந்திய கேபிள் இரண்டாவது நிலைக்குப் பொருந்தாது. அரை விநாடியில் பிரேக்கர் விடுபட்டாலும் 16தான் தாங்கும். டிசைனரிடம் இருந்த கடிதம் விரிவாக்கத்துக்கு முந்தையது என்றால் அவர் கணக்கில் ஒரு பிழையும் இருக்காது, கேபிள் மட்டும் போய்விடும்.

அதனால் ஒவ்வொரு சப்ஸ்டேஷனின் பழுது மின்னோட்டத்துக்கும் குழுவில் ஒருவர் பொறுப்பு. அவர்தான் மின்வாரியத்திடம் எழுதிக் கேட்டு வாங்கி, “இணையாக ஓட்டுகிறார்களா, பிரித்து ஓட்டுகிறார்களா, அடுத்த இரண்டு வருடத்தில் என்ன திட்டம்?” என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறார். தேதி பழையதானால் தானே திரும்பக் கேட்கிறார்.

இன்னொரு இடைவெளி சி.டி.யில் (மின்னோட்டத்தைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் கருவி) இருக்கிறது. டிசைனில் 400/1 (400 ஆம்பியருக்கு 1 ஆம்பியர்) என்று வைத்து ரிலே செட்டிங் போட்டிருப்பார்கள். தளத்தில் வந்த சி.டி.யில் 200/1 டேப்பில் இணைத்திருப்பார்கள். 400 ஆம்பியருக்கு எழ வேண்டிய ரிலே 200-க்கே எழும், சாயங்கால லோடிலேயே பீடர் ட்ரிப் ஆகும். நேர்மாறாக நடந்தால் இன்னும் மோசம்: ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாது. மேல் கீழ் ரிலேக்களுக்கு இடையே 0.3 முதல் 0.4 விநாடி இடைவெளி வைத்து அழகாக வரைந்த வளைகோடுகள் எல்லாம் அந்த ஒரு டேப்பில் கலைந்துவிடும். செட்டிங் தாள் வெளியே போகும் முன், தளத்தில் உள்ள சி.டி.யின் பெயர்ப்பலகைப் புகைப்படமும் டெர்மினல் இணைப்பின் புகைப்படமும் கோப்பில் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்துவிடுங்கள். முதன்மை உபகரணக் குழுவும் பாதுகாப்புக் குழுவும் வேறு வேறு அறையில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பிழை நிச்சயம் வரும். மேசையை மாற்றிப் போடுவது மலிவான தீர்வு.

அறிகுறி: “எர்த் வேல்யூ வரலை”

எர்த்தின் தடை எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை என்றால், மண் தடைத்திறன் சோதனை எப்போது எடுத்தது என்று பாருங்கள். மழைக்கு மறுவாரம் எடுத்த எண்ணை வைத்து டிசைன் செய்து, சித்திரையில் அளந்தால் வராது. ஒரே ஒரு இடத்தில், ஒரே இடைவெளியில் நாலு கம்பி நட்டு எடுத்ததும் போதாது. மேல்மண் நனைந்து கீழே பாறையாக இருந்தால் குறைந்த இடைவெளியில் எடுத்த அளவு பாறையைக் காட்டாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இது பழக்கம். பல இடைவெளிகளில், இரண்டு திசையில், வறண்ட காலத்தில் எடுக்க வேண்டும்; வறண்ட காலத்தில் முடியாவிட்டால் எடுத்த மாதத்தைக் குறித்து அதற்குத் தகுந்த கூடுதலோடு டிசைன் செய்ய வேண்டும். கடலோரத்தில் நேர் எதிர்: எண் உடனே கிடைத்துவிடும், ஜி.ஐ. பட்டை (துத்தநாகம் பூசிய இரும்பு) சில ஆண்டுகளில் அரித்துத் தின்னப்பட்டிருக்கும். அங்கே அரிப்புக்கான தடிமனைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

இதில் குழுவின் மனப்பழக்கம் ஒன்றை மாற்ற வேண்டியிருக்கிறது. 1 ஓம் வந்துவிட்டால் கோப்பை மூடிவிடுகிறார்கள். கிரிட் (பூமிக்குள் புதைத்த எர்த் வலை) வழியாக 5,000 ஆம்பியர் பூமிக்குள் இறங்கினால் அந்த 1 ஓம் கிரிட்டின் மின்னழுத்தம் 5,000 வோல்ட்டுக்கு ஏறும். அந்த நேரத்தில் ஐசோலேட்டர் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறவரின் கைக்கும் காலுக்கும் இடையே எவ்வளவு நிற்கும் என்பதுதான் கணக்கு. தொடு மின்னழுத்தமும் அடி மின்னழுத்தமும் (நடப்பவரின் இரண்டு காலுக்கு இடையே நிற்பது) இல்லாத எர்த்திங் கணக்கை ஏற்காதீர்கள். கணக்கில் மேலே ஜல்லி பரப்பியதாக எடுத்துக்கொண்டிருந்தால், அந்த ஜல்லி எஸ்டிமேட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது அதைத்தான்.

அறிகுறி: “சைட்டில் வேற ரிவிஷன் ஓடுது”

வாட்ஸ்ஆப். அவசரத்துக்கு ஒருவர் அனுப்பிய பி.டி.எஃப். கான்ட்ராக்டரின் போனில் தங்கிவிடும். அலுவலகம் மூன்றாவது ரிவிஷனில் இருக்கும்போது குழி முதல் ரிவிஷன்படி வெட்டப்படும். தடை போட்டு இதை நிறுத்த முடியாது. படத்தின் மூலையில் பெரிய எழுத்தில் ரிவிஷனும், “இந்தத் தேதிக்குப் பின் செல்லாது” என்ற வரியும், புதிய படம் இருக்கும் இணைப்புக்கான கியூ.ஆர். குறியீடும் போடுங்கள். தளத்தில் இருப்பவர் அதை ஸ்கேன் செய்து பார்த்த பின்தான் வேலை தொடங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வாய்மொழி மாற்றங்களும் இதே வகைதான். தளத்தில் ஏ.இ. “அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுடுங்க சார்” என்பார். அவர் சொல்வதில் பெரும்பாலும் காரணமும் இருக்கும். அன்று மாலைக்குள் சம்பந்தப்பட்டவர்களுக்கு இரண்டு வரி மின்னஞ்சல்: யார் சொன்னது, எந்தக் கம்பம், எவ்வளவு தூரம், ஏன். வேலை முடிந்ததும் சிவப்பு மையில் திருத்திய படம் திரும்பி வராவிட்டால் வரைபடப் பதிவில் அந்தக் கேபிள் இல்லாத இடத்தில் இருக்கும். அடுத்த முறை அங்கே கடப்பாரை போடுகிறவர் அதை நம்பித்தான் போடுவார். கடைசித் தவணைப் பணத்தை அந்தச் சிவப்பு மைப் படத்தோடு கட்டிவிட்டால் வந்து சேரும்.

அறிகுறி: மின் ஆய்வுத் துறையிலிருந்து படம் திரும்பி வருகிறது

உயரழுத்த நுகர்வோர் வேலைகளில் இது வரும். திரும்பிய கடிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒற்றைக்கோட்டுப் படமும் (மூன்று ஃபேஸையும் ஒரே கோடாகக் காட்டும் இணைப்புப் படம்) லேஅவுட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமை, ஜெனரேட்டருக்கும் வாரிய மின்சாரத்துக்கும் இன்டர்லாக் காட்டாமை, டிரான்ஸ்பார்மரைச் சுற்றி நடக்க இடம் காட்டாமை ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இவற்றை மட்டும் பார்க்க ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அறிகுறி: ரிவ்யூ கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை

இளம் பொறியாளர்கள் தலையாட்டுகிறார்கள், கேள்வி இல்லை, ஒரு வருடத்தில் வேறு வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் ஒரு காரணம்தான். கடைசியாக ஒருவர் “சார், எனக்கு இது புரியலை” என்று சொன்னபோது அந்த அறையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சிரித்திருந்தால், அல்லது “இதுகூடத் தெரியாதா?” என்று ஒருவர் கேட்டிருந்தால், அதோடு முடிந்தது. அதன் பிறகு சந்தேகங்கள் வரைபடத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ரிவ்யூவில் முதலில் பேசுபவர் வயதில் இளையவராக இருக்கட்டும், மூத்தவர் கடைசியில். தலைவர் முதலிலேயே கருத்துச் சொல்லிவிட்டால் பிறகு வேறு கருத்தே வராது. பிழையைக் கண்டுபிடித்தவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். பிழை செய்தவர் பெயரைக் குறிப்பில் எழுதாதீர்கள். புதிதாகச் சேர்பவர்களை முதல் மாதத்திலேயே ஒரு சப்ஸ்டேஷன் ஷட்டவுனுக்கு, பொறுப்பாளர் ஒருவரோடு, முறையான அனுமதியும் பாதுகாப்புச் சாதனங்களும் போட்டு அனுப்புங்கள். ஒரு 33 கிலோவோல்ட் பிரேக்கரைக் கழற்றி மாட்டுவதை நேரில் பார்த்தவர் அடுத்து போடும் லேஅவுட்டில் கிரேன் நிற்க இடம் தானாக வரும்.

அறிகுறி: “இதுல எப்படி எல்.சி. எடுக்கிறது?”

எல்.சி. என்றால் லைன் கிளியர், அதாவது கோட்டில் மின்சாரத்தை நிறுத்தி அதில் வேலை செய்ய எடுக்கும் அனுமதி. இந்தக் கேள்வி தளத்தில் இருந்து வந்தால் கையில் உள்ள மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதை எடுங்கள். மேலே சொன்ன எல்லாக் கோளாறும் பணமும் நேரமும் தின்னும். இது ஆளைக் கொல்லும்.

ஒரு டிசைன் எல்லாக் கணக்கிலும் தேறியிருக்கும். இறக்கம் சரி, இடைவெளி சரி, பழுது மின்னோட்டம் சரி. ஆனால் ஏ.பி. ஸ்விட்ச் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும், இரவு மழையில் அதைப் போய்த் திறக்க முடியாது. இரண்டு பீடர் ஒரே கம்பத்தில் போகும். கீழே உள்ளதற்கு எல்.சி. எடுத்தவர் தலைக்கு மேல் இன்னொன்று உயிரோடு இருக்கும். ஆர்.எம்.யூ. வளையத்தில் இரண்டு பக்கமும் திறந்தால்தான் நடுத்துண்டு செத்தது என்று அர்த்தம், ஆனால் எந்த இரண்டு என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. டிரான்ஸ்பார்மரின் தாழ்வழுத்தப் பக்கம் ஒரு கடையில் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அது டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்ப ஏறி, இறந்துவிட்டது என்று நினைத்த கோட்டில் 11 கிலோவோல்ட்டாக நிற்கும். அதனால் வேலை செய்யும் இடத்துக்கு இரு புறமும் எர்த் ராடு போட்டாக வேண்டும், அதைப் போட எட்டக்கூடிய, பிடிமானமுள்ள இடம் டிசைனில் இருந்தாக வேண்டும்.

மூலம் எங்கே என்று தேடினால், அடிப்படைத் தாளில் இந்த வரி இல்லாததுதான். குழு சுமைக்கும் விதிக்கும் டிசைன் செய்திருக்கிறது, பராமரிப்புக்குச் செய்யவில்லை. சரிசெய்ய நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: ஒற்றைக்கோட்டுப் படம் முடிந்ததும், லேஅவுட் தொடங்கும் முன், எல்.சி. ஒத்திகை. ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவரையோ அந்தப் பிரிவின் மூத்த லைன்மேனையோ மரியாதையோடு அழைத்து, அவர் நேரத்துக்குரிய பணத்தைக் கொடுத்து, படத்தை அவர் முன் விரியுங்கள். “அண்ணே, இந்த டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சு. மாத்தணும். எங்கே திறப்பீங்க, எங்கே எர்த் போடுவீங்க, எந்த வழியா ஏறுவீங்க?” என்று டிசைனர் கேட்கட்டும். அடுத்து நடு ஸ்பானில் கம்பி அறுந்ததாக, அதற்கு அடுத்து கேபிள் முனை வெடித்ததாக. அவர் விரல் படத்தில் எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு ஸ்விட்ச் தேவை, அல்லது ஸ்விட்சை இடம் மாற்ற வேண்டும், அல்லது ஒரு பலகை வேண்டும். அதை அப்போதே பென்சிலால் குறித்து, அவர் பெயரையும் ரிவ்யூ செய்தவர் பட்டியலில் சேர்த்து, அதன் பிறகு லேஅவுட்டைத் தொடங்குங்கள்.